எமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கும்போது ஸ்பெக்ட்ரமை ஏன் மறுபடியும் செய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். முன்பணம் கட்டி இரண்டு மூன்று வருடம் காத்திருந்துகூட வாங்குகிறார்கள். எமுலேட்டர், அதாவது பழைய கணினியை இன்றைய கணினியில் ஓட்டிக் காட்டும் நிரல், இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியானால் இது பழைய நினைப்புக்குக் காசைக் கொட்டுவதுதானே? எனக்கு வயது 27, மென்பொருள் வேலை, அந்தக் காலத்து நினைவு எதுவும் கிடையாது. எனக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எதை வாங்குவது?"

பழைய நினைப்பு பாதிக் காரணம், அதை மறுக்க மாட்டேன். இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் ரப்பர் விசைப்பலகை என்று ஆரம்பித்துப் பாருங்கள், அரை மணி நேரத்துக்கு உங்களை விடமாட்டார். ஆனால் நினைப்பு மட்டும்தான் காரணம் என்றால் அந்தக் காலத்தில் விற்ற எல்லாக் கணினிகளுக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. டிராகன், ஓரிக், எண்டர்பிரைஸ் என்று அதே காலத்தில் எத்தனையோ வந்தன, அவற்றுக்கும் பிரியமான சின்னக் கூட்டம் உண்டு, அதோடு சரி. ஸ்பெக்ட்ரம் பிழைத்ததற்கு என் கணக்கில் காரணம் வேறு. அது கஞ்சத்தனமாகச் செய்த கணினி. அந்தக் கஞ்சத்தனத்தால் அது சிறியதாக இருந்தது, சிறியதாக இருந்ததால் ஒரு தனி மனிதன் முழுவதையும் புரிந்துகொள்ள முடிந்தது, புரிந்துகொண்டவன் வீட்டிலேயே இன்னொன்றைச் செய்ய முடிந்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அப்புறம் எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன்.

கேம்பிரிட்ஜில் இருந்த சின்க்ளேர் ரிசர்ச் 1982 ஏப்ரல் 23 அன்று ஸ்பெக்ட்ரமை வெளியிட்டது. 16 கே, அதாவது 16 கிலோபைட், நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. வன்பொருள் ரிச்சர்ட் ஆல்ட்வாசர், உள்ளே இருக்கும் பேசிக் மொழி ஸ்டீவ் விக்கர்ஸ், வெளித்தோற்றம் ரிக் டிக்கின்சன். முதலாளி கிளைவ் சின்க்ளேருக்கு ஒரே வெறி, விலையைக் குறைப்பது. எந்த அளவுக்கு என்றால், 48 கே கணினியில் இருக்கும் மேல் 32 கே நினைவகத்துக்குப் பாதி கெட்டுப்போன சிப்களை வாங்கினார்கள். 64 கிலோபிட் சிப் தயாரிக்கும்போது ஒரு பாதி பழுதாகிவிட்டால் அதைக் குப்பையில் போடுவதற்குப் பதில் 32 கிலோபிட் என்று சொல்லி மலிவாகத் தள்ளுவார்கள். எட்டு சிப்களிலும் ஒரே பக்கத்துப் பாதி நன்றாக இருந்தால் போதும், எந்தப் பாதி என்று சொல்வதற்கு போர்டில் ஒரு குட்டிக் கம்பி இணைப்பு. சந்தையில் அடிபட்ட தக்காளியைப் பாதி விலைக்கு வாங்கிவந்து ரசம் வைப்பது போலத்தான். ரசத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

முதல் தொகுதிப் போர்டுகளில் இன்னொரு கூத்து. யூஎல்ஏ என்ற முக்கிய சிப்பில் ஒரு பிழை வந்துவிட்டது. திரும்பச் செய்யக் காசும் நேரமும் இல்லை. ஒரு சின்ன லாஜிக் சிப்பைத் தலைகீழாகப் போட்டு, கால்களில் கம்பி இழுத்துப் பற்றவைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும் அதற்கு 'செத்த கரப்பான்பூச்சி' என்றே பெயர் வந்துவிட்டது. இன்று அந்தக் கரப்பான் உள்ள போர்டு யாரிடமாவது இருந்தால் பொக்கிஷம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

அந்த யூஎல்ஏவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கணினியில் முக்கியமானவை இசட்80 செயலி, பேசிக் மொழியை நிரந்தரமாகப் பதித்து வைத்த 16 கே ரோம், தற்காலிக நினைவகமான ரேம் சிப்கள், அப்புறம் இந்த யூஎல்ஏ. படம் வரைவது, விசைப்பலகையைப் படிப்பது, கேசட்டில் எழுதுவது, படிப்பது, ஒலி எழுப்புவது எல்லாம் இது ஒன்றுதான். ஃபெராண்டி என்ற நிறுவனம் எதோடும் இணைக்காத லாஜிக் கேட்டுகள் நிறைந்த சிப்பை மொத்தமாகச் செய்து வைத்திருக்கும். கடைசி உலோக அடுக்கை மட்டும் வாடிக்கையாளர் கேட்டபடி போட்டுத் தரும். மாவு அரைத்துத் தயாராக இருக்கிறது, இட்லியா தோசையா ஊத்தப்பமா என்பது மட்டும் நீங்கள் சொல்ல வேண்டியது. தனியாக ஒரு சிப்பை அடியிலிருந்து வடிவமைப்பதைவிட இது பல மடங்கு மலிவு. அதில்தான் சின்க்ளேர் ஜெயித்தார். அதனால்தான் பின்னாளில் தலைவலியும் வந்தது. ஃபெராண்டி அந்தத் தொழிலை விட்ட பிறகு யூஎல்ஏ செத்தால் மாற்றுக்கு வழியில்லை, வேறொரு செத்த கணினியிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும். அந்த சிப் வேறு நன்றாகவே சூடாகும்.

படம் வரையும் விதத்திலும் அதே கஞ்சத்தனம்தான். திரை 256க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுத்தால் நினைவகம் பத்தாது. எனவே 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம் என்று வைத்தார்கள். புள்ளிகளுக்கு 6144 பைட், நிறங்களுக்கு 768 பைட், மொத்தம் 6912. விளையாட்டில் சிவப்புச் சட்டை போட்டவன் பச்சை மரத்தருகே போனால் மரத்தின் ஒரு துண்டும் சேர்ந்து சிவந்துவிடும். இந்த நிறக் கலப்பு அன்றைக்கு எரிச்சல், இன்றைக்கு அடையாளம். கேசட்டிலிருந்து ஒரு படம் ஏறும்போது வரிசையாக மேலிருந்து கீழே வராது, திரையை மூன்று பாகமாகப் பிரித்து எட்டு வரிக்கு ஒரு வரி என்று விட்டுவிட்டு நிரம்பும், எல்லாம் கறுப்பு வெள்ளையில், கடைசியில் 768 பைட் நிறம் மட்டும் மளமளவென்று மேலிருந்து கீழே வழிந்து இறங்கும். ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் துடித்துக்கொண்டிருக்கும், கூடவே காதைக் கிழிக்கும் கீச்சொலி. நாலைந்து நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தவனுக்கு அது ஒரு சடங்கு மாதிரி.

இனி அது எப்படிச் சாகாமல் இருந்தது என்பதற்கு வருகிறேன். 1986-இல் சின்க்ளேர் தன் கணினித் தொழிலை அம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார். அம்ஸ்ட்ராட் கேசட் வைத்த பிளஸ்2, மூன்று அங்குல டிஸ்க் வைத்த பிளஸ்3 என்று சில வருடம் ஓட்டி, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கடையைக் கட்டியது. மேற்கு ஐரோப்பாவில் கதை அங்கே முடிந்தது. கிழக்கில் அப்போதுதான் சூடு பிடித்தது. சோவியத் நாட்டில் ஃபெராண்டி சிப் கிடைக்காது. அங்கிருந்த பொறியாளர்கள் யூஎல்ஏ செய்யும் ஒவ்வொரு வேலையையும் சாதாரண லாஜிக் சிப்களைக் கோத்துச் செய்தார்கள். லெனின்கிராட், பெண்டகன், ஸ்கார்பியன் என்று விதவிதமான பெயரில் போர்டுகள் வந்தன, வாங்கி வீட்டில் பற்றவைத்துக்கொள்ளலாம். செயலிக்குக் கிழக்கு ஜெர்மனியின் யூ880 மாதிரி இசட்80 நகல்கள் இருந்தன. இங்கிலாந்தில் கேசட்டோடு மல்லுக்கட்டியவர்கள் அடுத்த கணினிக்குப் போய்விட்ட பிறகு, அங்கே டிஸ்க் டிரைவும் 128 கே நினைவகமும் போட்டுக்கொண்டு தொண்ணூறுகள் முழுக்க நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் டிடாக்டிக், பிரேசிலில் டிகே90எக்ஸ், போர்ச்சுகலில் டைமெக்ஸ். ஸ்பெக்ட்ரமுக்கு மறுவாழ்வு தந்தவர்களில் பிரேசில்காரர்கள், ஸ்பெயின்காரர்கள், ரஷ்யர்கள் இத்தனை பேர் ஏன் இருக்கிறார்கள் என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. இங்கிலாந்தின் நினைப்பு மட்டும் என்றால் இந்தக் கூட்டம் இவ்வளவு பெரிதாகியிருக்காது.

நம் நாட்டுக்கும் வந்தது. 1986-இல் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று இந்தியாவில் விற்றது, சில வருடம் ஓடியது. எனக்கு முதல் அறிமுகம் அதுதான், கோயம்புத்தூரில் என் பெரியப்பா பையன் வீட்டில். டிவி அவர்களுடையது, டேப் ரெக்கார்டர் எங்களுடையது, எனவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்களையும் கூப்பிட்டே ஆக வேண்டும் என்ற நிலைமை. அதைச் சொல்லிக்கொண்டே போனால் நீங்கள் சொன்ன பழைய நினைப்பில் விழுந்துவிடுவேன், விடுங்கள்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் உரிமை. 1999-இல் அம்ஸ்ட்ராட் ஒரு காரியம் செய்தது. ரோமின் பதிப்புரிமை எங்களுடையதுதான், ஆனால் எமுலேட்டரோடு சேர்த்து யார் வேண்டுமானாலும் விநியோகிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான். பணம் எதுவும் கேட்கவில்லை. மற்ற பழைய கணினிகளின் பெயரும் ரோமும் யாருடையது என்று நிறுவனங்கள் மாறி மாறி வழக்காடிக்கொண்டிருந்தபோது இங்கே எமுலேட்டர் எழுதுபவனுக்குப் பயம் இல்லாமல் போனது. 2007-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனமான ஸ்கை அம்ஸ்ட்ராடை வாங்கியது, ஸ்பெக்ட்ரம் பெயரின் உரிமையும் அதனிடம் போனது. இந்த அனுமதி வந்த காலத்தில் இன்னொரு பக்கம் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக் கோப்பாக மாற்றிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். டேப்பில் இருந்த ஒலித் துடிப்புகளின் நீளம் வரை பதிவு செய்யும் டிஇசட்எக்ஸ் என்ற வடிவம் அதற்காகவே வந்தது, ஏனென்றால் திருட்டு நகல் எடுக்காமல் இருக்க அன்றைய நிறுவனங்கள் விதவிதமான வேகத்தில் பதிவு செய்து வைத்திருந்தன. அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று கணினியைப் புதிதாகச் செய்தாலும் அதில் போட ஒன்றும் இருக்காது.

சரி, வன்பொருள். யூஎல்ஏ ஒரு மூடிய பெட்டி. வெளியே என்ன நடக்கிறது என்று தெரியும், உள்ளே எப்படி என்று தெரியாது. கிறிஸ் ஸ்மித் என்பவர் சிப்பின் மேல் உறையை நீக்கி எடுத்த படங்களை வைத்து ஒவ்வொரு கேட்டாகத் தொடர்ந்து போய் முழுச் சுற்றையும் வரைந்து 2010-இல் வெளியிட்டார். ஹார்லெக்வின் என்ற போர்டும் அவருடைய வடிவமைப்புதான், யூஎல்ஏ இல்லாமல் சாதாரண லாஜிக் சிப்களாலேயே ஆன ஸ்பெக்ட்ரம். கவனித்தீர்களா, லெனின்கிராடில் தேவைக்காகச் செய்ததையே இங்கே ஆசைக்காகச் செய்கிறார்கள். ஹார்லெக்வினை இன்று கிட்டாக வாங்கி நீங்களே பற்றவைக்கலாம். பழைய ஸ்பெக்ட்ரமின் பெட்டிக்குள் சரியாக உட்காரும் அளவில் போர்டு இருக்கிறது. பெட்டி, ரப்பர் விசை, அதன் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாமே இப்போது புதிதாக வார்த்து விற்கிறார்கள், எனவே 1982-இன் திருகாணி ஒன்றுகூட இல்லாமல் ஒரு 48 கே ஸ்பெக்ட்ரமைச் செய்துவிட முடியும்.

அடுத்த படி எஃப்பிஜிஏ என்ற வகை சிப். மேலே மாவு என்று சொன்னேன் இல்லையா, எஃப்பிஜிஏவும் அதே யோசனைதான், ஒரே வித்தியாசம் ஊற்றிய தோசையைத் திரும்ப மாவாக்கி இட்லி ஊற்றலாம். இணைப்புகளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். 1982-இல் மலிவுக்காகத் தேர்ந்தெடுத்த ஒரு தொழில்நுட்பத்தின் பேரன் வந்து தாத்தாவைத் திரும்ப எழுப்பியிருக்கிறான். எமுலேட்டருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். எமுலேட்டர் என்பது உங்கள் செயலியில் ஓடும் ஒரு நிரல், அது இசட்80 செய்வதை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டும், நடித்து முடித்ததை விண்டோஸும் திரையும் தங்கள் வசதிக்கு எடுத்துக் காட்டும். எஃப்பிஜிஏவில் செயலி, யூஎல்ஏ, ஒலி சிப் எல்லாம் ஒரே நேரத்தில் அந்தந்தக் கடிகாரத் துடிப்பில் சுற்றாகவே வேலை செய்யும், விசையை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவில் இடைத்தரகர்கள் குறைவு. விளையாடுபவருக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்பிஜிஏ என்றால் எல்லாம் துல்லியம் என்று சண்டை பிடிப்பவர்களை நம்ப வேண்டாம். மோசமாக எழுதிய எஃப்பிஜிஏ சுற்றும் உண்டு, அபாரமாக எழுதிய எமுலேட்டரும் உண்டு.

ஸ்பெயினில் இசட்எக்ஸ்-ஊனோ என்ற எஃப்பிஜிஏ போர்டு வந்தது. பிரேசிலில் விக்டர் ட்ரூக்கோ, ஃபாபியோ பெலவெனுட்டோ இருவரும் டிபிப்ளூ என்ற போர்டைச் செய்தார்கள். அந்த டிபிப்ளூதான் வளர்ந்து ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் ஆனது. என்ரிக்கே ஒலிஃபியர்ஸ் முன்னின்று 2017 ஏப்ரல் 23 அன்று, அதாவது சரியாக 35 வருடம் கழித்து, மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இரண்டரை லட்சம் பவுண்டு கேட்டார்கள். ஏழு லட்சத்துக்கு மேல் வந்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். பெட்டியை வடிவமைத்தது யார் தெரியுமா, அதே ரிக் டிக்கின்சன். தன் இருபதுகளில் செய்த கணினிக்கு அறுபதில் தம்பி செய்வது எத்தனை பேருக்கு வாய்க்கும். ஆனால் கணினி வீடு வந்து சேர்வதைப் பார்க்க அவர் இல்லை, 2018 ஏப்ரலில் காலமானார். விசைப்பலகை, அச்சு என்று இழுத்து 2020 தொடக்கத்தில்தான் முழுக் கணினிகள் கைக்கு வந்தன. அதே வருடம் இரண்டாவது முறை கேட்டபோது 18 லட்சம் பவுண்டுக்கு மேல் கொட்டினார்கள். அதற்கும் சிப் தட்டுப்பாட்டால் தாமதம். பழைய எஃப்பிஜிஏ கிடைக்காமல் வேறொன்றுக்கு போர்டையே மாற்ற வேண்டியதாகி, 2023-ஐ ஒட்டித்தான் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

நெக்ஸ்ட் வெறும் நகல் இல்லை. ஸ்பெக்ட்ரம் சாகாமல் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை அது. 3.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 28 வரை ஓடும், நினைவகம் ஒன்று அல்லது இரண்டு மெகாபைட், 256 நிறத் திரை, திரையில் தனியாக நகரும் 128 உருவங்கள் (ஸ்பிரைட்), எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு. பழைய ஜாய்ஸ்டிக்கும் சொருகலாம், பழைய கேசட்டும் போடலாம். சிலர் இது ஸ்பெக்ட்ரமே இல்லை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு: வசதி கூடக்கூட கஞ்சத்தனம் போய்விடுகிறது, கஞ்சத்தனம் போனால் அதை முழுவதும் மண்டைக்குள் வைத்துக்கொள்ளும் சுகமும் போய்விடுகிறது.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று நினைக்காதீர்கள். வேகா பிளஸ் என்று கையில் பிடித்து ஆடும் கருவி ஒன்றுக்கு 2016-இல் இண்டிகோகோ தளத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. தள்ளித் தள்ளிப் போய், 2018-இல் ஸ்கை உரிமத்தைத் திரும்பப் பெற்றது, 2019-இல் அந்த நிறுவனம் கலைக்கப்பட்டது. பணம் கட்டிய பலருக்குக் கருவி வரவே இல்லை. முன்பணம் கட்டுவது வாங்குவது ஆகாது, இந்தப் பொழுதுபோக்கில் நுழையும் யாரும் இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். 27 வயதில், அந்தக் காலத்து நினைவே இல்லாத ஒருவருக்கு இதில் என்ன இருக்கிறது? ஒரே ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம்தான் என்றேன். இன்றைக்கு வரும் சில ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளில் அந்த வரம்பே இல்லாதது போல் நிறங்கள் தெரியும், கணினியோ 1982-இன் அதே கணினி. எப்படி? யூஎல்ஏ திரையின் ஒவ்வொரு வரியையும் வரைய 224 கடிகாரத் துடிப்பு எடுக்கும். ஒரு கட்டத்துக்கு எட்டு வரி. யூஎல்ஏ ஒரு வரியை வரைந்து முடித்து அடுத்ததற்கு வருவதற்குள் நிறத்தை மாற்றி எழுதிவிட்டால் வரிக்கு வரி வேறு நிறம் கிடைக்கும். ஆனால் 224 துடிப்புக்குள் எத்தனை பைட் எழுத முடியும்? வழக்கமாக மொத்தமாக நகலெடுக்கும் கட்டளை பைட்டுக்கு 21 துடிப்பு தின்னும், பத்து கட்டம் தாண்டாது. அதனால் செயலி மதிப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக்கைத் திரை நினைவகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு, அதில் மதிப்பை எழுதும் புஷ் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். மதிப்பைச் செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் ஜோடியில் ஏற்ற 10 துடிப்பு, புஷ் செய்ய 11, மொத்தம் 21-இல் இரண்டு பைட். அப்படியும் யூஎல்ஏ நினைவகத்தைப் படிக்கும் நேரத்தில் செயலியைக் கொஞ்சம் காக்க வைக்கும், அதையும் கழிக்க வேண்டும். ஐனார் சௌகாஸ் என்ற பிரேசில்காரர் எழுதிய பைஃப்ராஸ்ட் என்ற நிரல் இப்படித்தான் 18 கட்ட அகலத்துக்கு வரிக்கு வரி நிறம் தருகிறது. நொடிக்கு ஐம்பது முறை, ஒரு துடிப்புகூட பிசகாமல்.

இதைப் படித்து உங்களுக்கு லேசாக அரித்தால் உங்களுக்கு இதில் இடம் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்களால் முழுவதும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது, அதைச் செய்த நிறுவனத்தில் எந்தத் தனி ஆளாலும் முடியாது. இங்கே முடியும். ரோம் 16 கே, ஒவ்வொரு பைட்டுக்கும் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மழைக்கால விடுமுறை போதும்.

அரிக்கவில்லை, விளையாட மட்டும் ஆசை என்றால் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2024 நவம்பரில் விட்ட 'தி ஸ்பெக்ட்ரம்' போதும். 90 பவுண்டுக்கு ஒரே ஒரு பென்னி குறைவாக விற்றது, 48 விளையாட்டு உள்ளேயே இருக்கிறது, ரப்பர் விசை, எச்டிஎம்ஐ. உள்ளே ஓடுவது எமுலேட்டர்தான், பின்பக்கம் பழைய துணைக் கருவிகளைச் சொருகும் இடம் கிடையாது, டேப் துளை கிடையாது. தொட்டுப் பார்க்க நன்றாகச் செய்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர், சுங்க வரி இரண்டையும் சேர்த்து விலையைப் பாருங்கள்.

ஆனால் எதையும் வாங்கும் முன் ஃப்யூஸ் எமுலேட்டரை இறக்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். நிரல் எழுத சி மொழி வேண்டுமென்றால் இசட்88டிகே, பேசிக் வேண்டுமென்றால் போரியல், அசெம்பிளி என்றால் எஸ்ஜாஸ்ம்பிளஸ், மூன்றும் இலவசம். அசெம்பிளி தெரியாமலே விளையாட்டு செய்ய ஆர்கேட் கேம் டிசைனர் இருக்கிறது. ஒரு மாதம் கழித்தும் ஆசை மிச்சமிருந்தால் பற்றவைப்புக் கருவி பிடிக்கத் தெரிந்தவர் ஹார்லெக்வின் கிட்டுக்குப் போகலாம், தெரியாதவர் நெக்ஸ்ட் அல்லது அதை ஒத்த போர்டு எதையாவது தேடலாம். இசட்80 பற்றிப் பயப்பட வேண்டாம். அதைத் தயாரித்த சைலாக் நிறுவனம் 2024-இல் பழைய இசட்80க்குக் கடைசி ஆர்டர் வாங்கி நிறுத்திவிட்டது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே உலகில் கிடக்கும் சிப்கள் நம் காலத்துக்குத் தாராளம்.

அசல் 48 கேவைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் என் சொந்தக் கதை. ஏலத்தில் ஒன்று வாங்கினேன், இங்கிலாந்திலிருந்து பத்திரமாக வந்தது, அடாப்டர் இல்லாமல். 9 வோல்ட்தானே என்று பரணில் கிடந்த ஒரு பழைய மோடத்தின் அடாப்டரைச் சொருகினேன். ஸ்பெக்ட்ரமின் பின் நடுவில் எதிர்மின், வெளியில் நேர்மின். மோடத்துடையது வழக்கம்போல் நேரெதிர். ஒரு நொடி. திரையில் செங்குத்தாகக் கோடுகள். டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் போனது, அது கொடுத்துக்கொண்டிருந்த 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் தாறுமாறாகி, அவற்றை நம்பியிருந்த கீழ் 16 கே ரேம் சிப்களில் மூன்று போயின. ரிச்சி தெருவில் அந்த ரேம் சிப்பான 4116 வேண்டும் என்று கேட்டபோது கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கடைசியில் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தேன். வந்ததும் காய்ந்துபோன கெபாசிட்டர்களையும் மாற்றி, மின்னழுத்தத்தைச் சீராக்கும், ஆனால் சூடாகும் 7805 ரெகுலேட்டருக்குப் பதில் புதிய வகை ஒன்றைப் போட்டேன், சென்னை மே மாதத்துக்கு அது அவசியம். டிவி சிக்னல் யூஎச்எஃப் 36-ஆம் அலைவரிசையில் வரும். அதை விட்டுவிட்டு, அந்த சிக்னலை உண்டாக்கும் மாடுலேட்டருக்குள் ஒரு கம்பியை மாற்றி நேரடி வீடியோவாக எடுத்துக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை. கேசட்டுக்குப் பதில் டிவ்எம்எம்சி என்ற எஸ்டி கார்டு இணைப்பான் போதும்.

இப்போது அதில் என்ன செய்கிறேன் என்றால், தமிழ் எழுத்து போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகளுக்குத்தான் தனி இடம் இருக்கிறது, ஆனால் 23606 என்ற முகவரியில் இருக்கும் சுட்டியை மாற்றினால் 96 எழுத்துகள் கொண்ட முழு வரிசையையே நம் விருப்பத்துக்குத் திருப்பலாம். கால், கொம்பு எல்லாவற்றையும் தனிக் கட்டமாக வைத்துச் சமாளித்தாலும் கு, கூ வரிசைகளுக்கு மட்டும் 36 தனி வடிவம் கேட்கிறது. எட்டுப் புள்ளி அகலத்தில் ட, ப எல்லாம் அழகாக உட்கார்ந்துவிட்டன, ண மட்டும் எப்படி வரைந்தாலும் நசுங்குகிறது. இரண்டு கட்டம் கொடுத்தால் வரும், கொடுத்தால் 96 பத்தாது. ஃப்யூஸ் போட்டுவிட்டு நீங்களும் முயன்று பாருங்கள், ணகரத்துக்கு எட்டுப் புள்ளியில் வழி கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள்.